குழாயின் மறுமுனை: திருப்பூர்த் தண்ணீர்த் திட்டத்தில் எண்ணிப் பார்த்த இடர்களும் எண்ணாத இடரும்

கொங்கு நாட்டில் தண்ணீர்த் திட்டம் ஒன்றுக்கு இடர்களைப் பட்டியலிடச் சொன்னால், பட்டியலின் முதல் வரியில் எவரும் வறட்சியைத்தான் எழுதுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் திருப்பூர் வட்டாரத்தில் ஆண்டுச் சராசரி மழை 700 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கிணறு வற்றிய கதை இல்லாத தோட்டமும் இங்கே இல்லை. ஆனால் இந்த வட்டாரத்துக்கென்று தீட்டப்பட்ட மிகப் பெரிய தண்ணீர்த் திட்டத்தைத் தள்ளாட வைத்தது தண்ணீர்ப் பஞ்சம் அல்ல. வந்த தண்ணீரை வாங்க ஆளில்லாமல் போனதுதான் அதன் இக்கட்டு. அது எப்படி நேர்ந்தது, எந்தக் கட்டத்தில் அதைக் கண்டுகொண்டிருக்க முடியும் என்பதையே இந்த ஆய்வு பார்க்கிறது. வெளிப்படையாகத் தெரிந்த ஏற்பாடுகளையும் நீதிமன்ற ஆணைகளையும் மட்டுமே இதற்கு அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன்.

திட்டம்

1990களின் தொடக்கத்தில் திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நகராட்சி. மாநகராட்சி ஆனது 2008இல், தனி மாவட்டத்தின் தலைநகரானது 2009இல். ஊரின் நிர்வாக நிலை இப்படியிருக்க, பனியன் தொழில் அதைப்போல் பல மடங்கு வேகத்தில் வளர்ந்துவிட்டிருந்தது. துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் ஏராளமான தண்ணீர் தேவை. பழைய விஞ்ச் எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேலும் செலவானதுண்டு. ஊர்வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் நல்ல தண்ணீர் இல்லை, நகரத்துக் கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. ஆகவே பல்லடம், அவிநாசி, பெருமாநல்லூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரிகள் இரவும் பகலும் தண்ணீர் சுமந்தன. விவசாயம் செய்வதைவிடத் தண்ணீரை விற்பது இலாபம் என்று கண்ட தோட்டக்காரர்கள் போர்போட்டு விற்றார்கள். பக்கத்துத் தோட்டத்தின் நீர்மட்டமும் அதோடு சேர்ந்து இறங்கியது.

இந்த நிலைக்கு மாற்றாகத்தான் தமிழக அரசு, ஐ.எல்.எஃப்.எஸ் நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியவை சேர்ந்து 1995இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற தனி நிறுவனத்தை உருவாக்கின. 2000ஆம் ஆண்டில் 30 ஆண்டுக் கால உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது. பவானி ஊர்ப் பக்கம் பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்து, சுத்திகரித்து, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் குழாயில் திருப்பூருக்குக் கொண்டுவருவது அதன் மையப் பணி. சாயப்பட்டறைகள், நகரம், வழியோரக் கிராமங்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் தண்ணீர் வழங்குவதோடு, நகரத்தின் பாதாளச் சாக்கடைப் பணியில் ஒரு பகுதியும் இதில் அடங்கியது. மதிப்பீடு 1,023 கோடி ரூபாய். 2006இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. நாட்டில் தனியார் முதலீட்டோடு இந்த அளவில் நடந்த முதல் தண்ணீர்த் திட்டங்களில் ஒன்று என்பதால், மேலாண்மைப் பள்ளிகளும் நிதி நிறுவனங்களும் இதை முன்மாதிரியாகப் பேசின. உள்ளூரில் அதை யாரும் அப்படி அழைத்ததில்லை. நகராட்சிக்கு அது மூன்றாவது குடிநீர்த் திட்டம், அவ்வளவுதான்.

கட்டுமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழாய் பதித்தல், நிலம் பெறுதல், சாலை வெட்ட அனுமதி, நாணய மதிப்பு, வட்டி விகிதம் என எல்லாப் பெருந்திட்டங்களுக்கும் உள்ள இடர்களே இதற்கும் இருந்தன. ஒப்பந்ததாரரிடம் ஒன்று, கடன் கொடுத்தவரிடம் ஒன்று, அரசிடம் ஒன்று என்று அவை முறையாகப் பிரித்துக் கொடுக்கவும் பட்டன. இந்தப் பகுதி ஒழுங்காக நடந்தது. தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

எண்ணிப் பார்த்த இடர்

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மிகக் கவனமாக ஆராயப்பட்டது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 டி.எம்.சி. பவானிசாகர் அணையின் கொள்ளளவான 32.8 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்குதான். ஆனால் அந்த அணைக்குக் கீழே கீழ்பவானி வாய்க்காலின் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு மூத்த உரிமையோடு கொடிவேரி, காளிங்கராயன் பாசனங்கள் இருக்கின்றன. பவானி காவிரிப் படுகையின் கிளை என்பதால், 1991இன் இடைக்காலத் தீர்ப்பிலிருந்து தொடர்ந்த காவிரி வழக்கின் நிழலும் அதன்மேல் விழுந்தது. 2000களின் தொடக்கத்தில் கேரளம் முக்காலியில் பவானியைத் தடுத்துத் திருப்பப் போகிறது என்ற செய்தி வந்தபோது கோவை, ஈரோடு மாவட்டங்கள் கொதித்தன. அதே ஆண்டுகளில்தான் தமிழகம் தொடர்ந்து வறட்சியைக் கண்டது.

இந்தச் சூழலில் திட்டத்தின் நிதியை ஒழுங்கு செய்தவர்கள், தண்ணீர் பற்றாக்குறையாகும் காலத்தில் நிறுவனத்தின் நிலைச் செலவுகளைத் தாங்குவதற்கென்றே தனி நிதியம் ஒன்றை அரசின் துணையோடு ஏற்படுத்தினார்கள். கடன் தவணைக்கும் தனிக் காப்பு நிதி இருந்தது. இடர் மேலாண்மைப் பாடத்தில் சொல்லப்படும் நான்கு வழிகளான தவிர்த்தல், தணித்தல், கைமாற்றுதல், ஏற்றுக்கொள்ளுதல் ஆகியவற்றில் மூன்றாவதும் நான்காவதும் இங்கே நன்றாகக் கலந்து பயன்பட்டன. குறை சொல்ல இடமில்லாத வேலை அது.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் எண்ணும் இடர்கள் பெரும்பாலும் நம் நினைவில் உள்ள துன்பங்களே. கொங்கு நாட்டுக்காரர் நினைவில் தண்ணீரின் துன்பம் என்றால் வற்றுதல். வெளியூர் நிதியாளரும் இங்கே வந்து கேட்டால் அதையேதான் கேட்டிருப்பார். பஞ்சத்துக்கு நிதியம் வைத்தாயிற்று. தண்ணீர் இருந்தும் வாங்குபவர் இல்லாமல் போகும் காலத்துக்கு அதே எடையில் ஓர் ஏற்பாடு இருந்ததாக வெளியே தெரியவில்லை. இந்த ஊரில் தண்ணீரை வேண்டாமென்று சொல்பவர் இருப்பார் என்று 2000ஆம் ஆண்டில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வருவாயின் அமைப்பு

இடர் எங்கே குவிந்திருந்தது என்பதைக் கட்டண விகிதமே காட்டுகிறது. தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் என்ற அளவிலும், நகராட்சிக்கு 5 ரூபாய் என்ற அளவிலும், கிராமங்களுக்கு அதைவிடக் குறைவாகவும் விலை வைக்கப்பட்டது. சாயப்பட்டறை கொடுக்கும் விலையில்தான் ஊர்க்குடிநீருக்கான சலுகை தாங்கப்பட்டது. நியாயமான ஏற்பாடு என்றே இதைச் சொல்ல வேண்டும். தொழில் சம்பாதிக்கிறது, ஊர் குடிக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஒரு கோடி லிட்டரைப் பட்டறைகளுக்கு விற்றால் 4.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதே ஒரு கோடி லிட்டரை நகராட்சிக்கு விற்றால் 50,000 ரூபாய். ஆகவே பட்டறைகளின் கொள்முதலில் ஒரு கோடி லிட்டர் குறைந்தால், அதை ஈடுகட்ட நகரத்துக்கு ஒன்பது கோடி லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும். நகரத்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை, அந்த அளவுக்குத் தண்ணீரும் இல்லை. மூன்று தரப்பு வாடிக்கையாளர்கள் என்று ஒப்பந்தம் சொன்னாலும், கடனை அடைக்கும் பணம் ஒரே தரப்பிடமிருந்து வந்தது. அந்த ஒரு தரப்பும் ஒரே தொழிலைச் செய்தது, ஒரே ஆற்றங்கரையில் இருந்தது, ஒரே வழக்கில் எதிர்மனுதாரராகவும் நின்றது.

ஒரு தறிக்காரர் தன் துணி முழுவதையும் ஒரே வியாபாரிக்குக் கொடுத்தால், அந்த வியாபாரியின் கடன், வழக்கு, உடல்நலம் எல்லாமே தறிக்காரரின் இடர் ஆகிவிடும். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணாத இடர்

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயக்குளியலுக்கு 50, 60 கிராம், அடர் நிறமானால் அதற்கு மேலும் போடுவார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்பு முழுதும் கழிவுநீரோடு வெளியேறும். 1990களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பையும் இரும்பு சல்பேட்டையும் கொட்டி நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கும் வழி அவற்றில் இல்லை. கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நிறம் போன கழிவுநீர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது, வயலுக்குத் தெரியவில்லை.

நொய்யல் திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே போய்க் கொடுமுடிக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. இடையில் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். சில ஆண்டுகளில் அது சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. அணை வேண்டும் என்று கேட்டிருந்த அதே விவசாயிகள், தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று மனுக் கொடுக்கும் நிலை வந்தது. தென்னை காய்க்கவில்லை, கிணற்று நீரைக் கால்நடை குடிக்கவில்லை. ஒரு பாசனத் திட்டத்தின் தோல்வி என்று மட்டும் இதைப் பார்ப்பது வழக்கம். ஆனால் ஆற்றின் மேற்புறத்தில் அப்போது தீட்டப்பட்டுக்கொண்டிருந்த தண்ணீர்த் திட்டத்துக்கும் இது முன்னறிவிப்புதான்.

நாட்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு நிகழும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளையும் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது 1996 ஆகஸ்டில். திருப்பூர்த் திட்டத்தின் உரிம ஒப்பந்தம் அதற்கு நான்கு ஆண்டுகள் பிந்தையது. சுத்திகரிப்பு வசதி இல்லாத சாயப்பட்டறைகளை மூடும் உத்தரவுகள் 1990களின் பிற்பகுதியிலேயே திருப்பூருக்கு வந்துவிட்டன. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது 2003இல்; அப்போது குழாய் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. திட்டம் ஓடத் தொடங்கிய அதே 2006இல், டிசம்பர் 22ஆம் நாள், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை 2007 ஜூலை 31க்குள் எட்ட வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசாவரை ஏறும் தொகையைக் கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த 6 பைசாவைப் புதிய குழாயில் வரும் தண்ணீரின் விலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்றால் லிட்டர் 4.5 பைசா. பட்டறைக்குள் ஒரு லிட்டர் வருவதற்கான செலவைவிட, அது வெளியே போவதற்கான செலவு கூடிவிட்டது. அன்றைய தேதியிலிருந்து ஒவ்வொரு சாயப்பட்டறைக்கும் தண்ணீரைக் குறைத்துப் பயன்படுத்துவதே வியாபாரம் ஆகிவிட்டது. தண்ணீர் விற்கும் நிறுவனத்தின் எதிர்காலம் தண்ணீர்க் கட்டணத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை, கழிவுநீர்க் கட்டணத்திலும் எழுதப்பட்டிருந்தது. அந்த இரண்டாவது தாளைப் படிக்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6இல் உயர் நீதிமன்ற ஆணையை உறுதிசெய்து, நிறைவேற்ற மூன்று மாத அவகாசம் கொடுத்தது. பலரால் முடியவில்லை, சிலர் முயலவுமில்லை. விவசாயிகள் அவமதிப்பு வழக்கோடு மீண்டும் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று, விதியை நிறைவேற்றும்வரை திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. துணி வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் சாயமேற்றப் போனது. தண்ணீர் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு கொடுத்துவந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில், ஒரே காரணத்தால் இல்லாமல் போனார்கள்.

மருந்தே நோயாதல்

மூடியது ஓர் அதிர்ச்சி, அது தற்காலிகமானது. அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் இயங்கின. அருள்புரத்தில் இருந்த பொது நிலையம், உப்புக்கரைசலைச் சுத்தமாக்கி மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டியபின், கழிவுநீரை ஆவியாக்கிக் காய்ச்சும் சுமை குறைந்தது. பிற நிலையங்களும் அந்த வழியைப் பின்பற்றத் தொடங்கின. தொழில் மீண்டது.

நீடித்த மாற்றம் வேறு. கழிவுநீரை வெளியே விடாத நிலை என்றால், ஆர்.ஓ. சவ்வின் வழியே தண்ணீரைப் பிழிந்தெடுத்து, மிஞ்சியதை எவாப்பரேட்டர் என்ற ஆவியாக்கும் எந்திரத்தில் காய்ச்சி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் பட்டறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நன்றாக நடக்கும் நிலையத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் திரும்பக் கிடைத்துவிடும். நேற்றுவரை நூறு லாரி வாங்கியவர் இனி பத்து, பதினைந்து வாங்கினால் போதும். திரும்பக் கிடைக்கும் தண்ணீர் மென்மையானது, உப்பு நீங்கியது. சாயத்துக்கு ஆற்றுத் தண்ணீரைவிடவும் ஏற்றது. நொய்யலைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை, பவானியிலிருந்து வந்த குழாயின் சந்தையைச் சுருக்கிவிட்டது.

ஓர் இடருக்குச் செய்யும் பரிகாரத்திலிருந்து பிறக்கும் புது இடரை வழிப்பிறந்த இடர் என்று சொல்லலாம். பாடநூல்களில் இதற்கு ஒரு பத்திதான் ஒதுக்குவார்கள். திருப்பூரில் அது ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டமொன்றின் கணக்கையே மாற்றியது. கடனைத் திருப்பிச் செலுத்தும் ஏற்பாடுகள் மறுசீரமைக்கப்பட வேண்டியதாயின. போதாக்குறைக்கு, திட்டத்தின் பிறப்பிலேயே உடனிருந்த நிதி நிறுவனக் குழுமம் 2018இல் தன் கடன்களைக் கட்ட முடியாமல் நின்றது. முதலீட்டாளரின் நலிவு என்ற இடர் தனி ஆய்வுக்குரியது. இங்கே அதை நீட்டவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். குழாய் வீணாகிவிடவில்லை. நகரம் பெருகியது, கிராமங்களுக்குக் குடிநீர் வந்தது, லாரித் தண்ணீருக்காகக் கிணறுகள் வறண்டதும் குறைந்தது. திட்டத்தின் நோக்கம் தண்ணீர் கொண்டுவருவது என்றால் அது வென்றது. கடனை அடைப்பது என்றால் தள்ளாடியது. இடர் என்பது நோக்கங்களின்மேல் நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு என்று ஐ.எஸ்.ஓ. 31000 தரநிலை வரையறுக்கிறது. அந்த வரையறையில் நோக்கம் என்ற சொல்லைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். யாருடைய நோக்கம் என்று கேட்காமல், இடர்களை வரிவரியாக எழுதிவைக்கும் இடர்ப் பதிவேட்டில், அரசின் இடரும் கடன் கொடுத்தவரின் இடரும் குடிப்பவரின் இடரும் ஒரே வரியில் குழம்பிக் கிடக்கும்.

பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கலாம்

நடந்து முடிந்ததை வைத்துப் புத்தி சொல்வது எளிது. ஆகவே 2003ஆம் ஆண்டில், அன்று கையில் இருந்த செய்திகளை மட்டும் கொண்டு எழுதியிருக்கக்கூடிய வரியை எழுதிப் பார்க்கிறேன்.

வழக்கமான பதிவேட்டில் 'தொழில்துறைத் தேவை குறைதல்' என்று ஒரு வரி இருக்கும். நிகழ்தகவு குறைவு, பாதிப்பு அதிகம், மொத்த மதிப்பெண் நடுத்தரம் என்று போட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இந்த வரியால் பயனில்லை. ஏன் குறையும் என்பது அதில் இல்லை. காரணத்தைச் சேர்த்து எழுதினால் வரி இப்படி மாறும்: 'கரைந்த உப்பை நீக்கும் வசதி இல்லாததால், ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் நீதிமன்றம் பட்டறைகளை மூடவோ கழிவுநீரை முழுதும் மீட்கவோ உத்தரவிடலாம், அதனால் தொழில்துறைக் கொள்முதல் திடீரென்று நிற்கலாம் அல்லது நிரந்தரமாகச் சுருங்கலாம்.' காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்றும் வந்துவிட்டபின், எதைக் கவனிக்க வேண்டும் என்பது தானே தெரியும். வழக்கின் ஒவ்வொரு வாய்தாவும் ஓர் எச்சரிக்கைக் குறி. சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்றக் குழாயில் எடுத்த உப்பளவு இன்னொன்று. ஒரத்துப்பாளையம் அணையின் நீரை மாதத்துக்கு ஒருமுறை சோதித்திருந்தால்கூடப் போதும். கடன் கொடுத்த வங்கிகளுக்கு அதைவிட நேர்மையான அறிக்கை கிடைத்திருக்காது.

தணிக்கும் வழியும் அந்த வரியிலேயே இருக்கிறது. தண்ணீர் கொண்டுவரும் நிறுவனமே கழிவுநீர் மீட்பையும் தன் பணியாக எடுத்துக்கொண்டிருந்தால், ஒரு கையில் இழப்பதை இன்னொரு கையில் பெற்றிருக்கலாம். பட்டறைக்காரரும் தண்ணீருக்கு ஓரிடத்திலும் கழிவுக்கு ஓரிடத்திலும் அலைந்திருக்க மாட்டார். கொள்ளளவைக் கட்டம் கட்டமாகப் பெருக்கியிருக்கலாம் என்பது இன்னொரு வழி. ஆனால் 55 கிலோமீட்டர் குழாயைப் பாதி விட்டத்தில் போட்டுவிட்டுப் பிறகு அகலப்படுத்த முடியாது என்பதால், இந்த யோசனையைப் பொறியாளர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. மூன்றாவது வழி, வெறுமனே ஏற்றுக்கொண்டு காப்பு நிதியைப் பெரிதாக்குவது. பஞ்சத்துக்கென்று ஒதுக்கிய நிதியத்தின் விதியில், 'தண்ணீர்ப் பற்றாக்குறை' என்பதோடு 'சட்ட ஆணையால் கொள்முதல் நிறுத்தம்' என்று நான்கு சொல் சேர்ப்பதற்கு மை மட்டுமே செலவாகியிருக்கும். அதை ஒப்புக்கொள்ள வைக்கும் பேச்சுவார்த்தைதான் கடினமாக இருந்திருக்கும்.

மதிப்பெண் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிகழ்தகவை ஐந்துக்கும் பாதிப்பை ஐந்துக்கும் மதிப்பிட்டுப் பெருக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. ஒவ்வோர் இடரும் தனித்தனியாக நிற்கும்போது அது ஓரளவு பயன்படும். எழுநூறு வாடிக்கையாளர்களில் ஒவ்வொருவரும் கொள்முதலை நிறுத்துவது தனித்தனி நிகழ்வு என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்றே கணக்கு சொல்லும். ஒரே தீர்ப்பு எல்லோரையும் கட்டும் என்று தெரிந்தபின் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. பதிவேட்டில் இருபது வரிகள் இருந்தால், அவற்றுள் எத்தனை வரிகளுக்கு ஒரே வேர் இருக்கிறது என்று கோடு போட்டு இணைத்துப் பார்ப்பதை நான் மதிப்பெண்ணைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

சிறிய அளவில்

இவ்வளவு பெரிய திட்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால், அண்மைக் காலத்தில் நானே உடனிருந்த சிறு வேலை ஒன்றையும் சேர்க்கிறேன். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் எவாப்பரேட்டர் ஒன்றைப் புதிதாக அமைத்தோம். இடர்களைப் பட்டியலிட உரிமையாளர், மேலாளர், எந்திரம் கொடுத்தவர், நான் என்று நான்கு பேர் உட்கார்ந்தோம். இருபத்திரண்டு வரிகள் எழுதினோம்: எந்திரம் வரத் தாமதம், அனுமதி, மின்சாரம், சவ்வு அடைத்துக்கொள்ளுதல், டாலர் விலை. நிறைவாகத்தான் இருந்தது.

தேநீர் கொண்டுவந்த பையனின் பின்னால் வந்து நின்ற பாய்லர்க்காரர், சுவரில் ஒட்டியிருந்த தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உரிமையாளரிடம் கேட்டார்: "அதெல்லாஞ் சரிங்ணா. ஐப்பசி மழைல வெறகு நனைஞ்சு போச்சுன்னா ஸ்டீம் எங்கிருந்துங்க வரும்?"

எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும், விறகு திறந்தவெளியில் அடுக்கியிருந்தது. ஈர விறகில் நீராவி அழுத்தம் ஏறாது. அழுத்தம் இல்லையென்றால் காய்ச்சுதல் தாமதமாகும். கழிவுத் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் சாயமேற்றுவதையே நிறுத்த வேண்டும், ஏனென்றால் வெளியே விட வழியில்லை. எங்கள் இருபத்திரண்டு வரிகளில் எந்திரத்தைச் சுற்றிய இடர்கள் எல்லாம் இருந்தன. எந்திரத்தை ஊட்டும் அடுப்பின் இடர் இல்லை. அந்த அடுப்பின் முன்னால் பதினெட்டு ஆண்டுகளாக நிற்பவரைக் கூட்டத்துக்கு அழைக்கவுமில்லை.

இருபத்து மூன்றாவது வரியை அவரையே சொல்லவைத்து எழுதினோம். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் மேலாளரின் பெயரை எழுதப் போனபோது அவர் தன் பெயரைப் போடச் சொன்னார். எச்சரிக்கைக் குறி என்ற கட்டத்தில், பத்து நாளுக்கான காய்ந்த விறகு கைவசம் இல்லாத நாள் என்று குறித்தோம். தகரக் கொட்டகை போடுவதற்கான செலவை உரிமையாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். புரட்டாசி முடிவதற்குள் கொட்டகை எழும்பிவிட்டது. அதன்பின் தொட்டியைப் பெரிதாக்குவதா வேண்டாமா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.